அரண்மனைக் கடிதங்களுக்கு ஃபிரேம் போட வண்ணாரப்பேட்டையில் ஒரு கடை

கடைக்குப் பெயர்ப்பலகை இருக்கிறது. அதில் எழுத்துதான் இல்லை. வெயிலில் வெளுத்து வெறும் மஞ்சள் தகடாகத் தொங்குகிறது. பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் துணிக்கடைக் கூட்டத்தை முட்டி மோதித் தாண்டி, வாசலெல்லாம் நைட்டி தொங்கும் ஒரு சந்தில் திரும்பினால், இடது பக்கச் சுவரில் முருகன், மெக்கா, வேளாங்கண்ணி மாதா மூவரும் வரிசையாகச் சாய்ந்திருப்பார்கள். அதுதான் கடை. பாய் ஃபிரேம் கடை என்று கேட்டால் டீக்கடைப் பையனே கொண்டுவந்து விடுவான்.

நான் போனது சாமி படத்துக்கு இல்லை. ராஜா ராணிகளுக்குக் கடிதம் எழுதி, அவர்கள் அரண்மனையிலிருந்து வரும் பதில்களைச் சேர்ப்பது என் பழக்கம். சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளலாம். என் வீட்டுக்காரர் 20 வருடமாகச் சிரிக்கிறார். ஆனால் இதைச் சேர்க்கிறவர்கள் நம் ஊரிலும் சிலர் இருக்கிறோம். எங்கே கொடுத்து ஃபிரேம் போடுவது என்பதுதான் எல்லோருக்கும் தலைவலி. அவர்களுக்காகத்தான் இந்த விமர்சனம்.

எப்படித் தொடங்கியது என்று கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மற்றது புரியாது. 1997 ஆகஸ்ட் 31 அன்று டயானா இறந்தபோது எனக்கு 15 வயது. காலடிப்பேட்டை தபால் ஆபீஸில் ஒரு ஏரோகிராம் வாங்கி, டீச்சரிடம் ஆங்கிலம் திருத்தி, எலிசபெத் ராணிக்கு ஆறுதல் எழுதினேன். முகவரி: பக்கிங்ஹாம் அரண்மனை, லண்டன். அவ்வளவுதான். அக்டோபரில் ராணி சென்னைக்கே வந்துவிட்டுப் போனார். எம்.ஜி.ஆர். ஃபிலிம் சிட்டியில் ஒரு படத்தின் தொடக்க விழாவில் கலந்துகொண்டதை டி.வி.யில் பார்த்தேன். என் கடிதத்தைப் படித்துவிட்டுத்தான் வந்திருப்பார் என்று பள்ளியில் சொல்லித் திரிந்தேன். பொங்கலுக்கு முன்னால் பதில் வந்தது. தபால்காரர் தெருமுனையிலிருந்தே "லண்டன் லெட்டரு" என்று கூவிக்கொண்டு வந்தார். கெட்டியான தாள், மேலே சிவப்பில் கிரீடச் சின்னம், கீழே நீல மையில் கையெழுத்து. ராணியுடையது இல்லை. லேடி இன் வெயிட்டிங் என்று சொல்லப்படும் அரண்மனைத் தோழி ஒருவருடையது. ராணி நன்றி சொல்லச் சொன்னார் என்று தோழி எழுதியிருந்தார். அகப்பாட்டில் தலைவிக்காகத் தோழி பேசுவதில்லையா, அந்த மாதிரி. அப்போது எனக்கு அழுகையே வந்துவிட்டது, ஏமாற்றத்தில்.

பிற்பாடுதான் தெரிந்தது, பிரிட்டிஷ் அரச குடும்பத்தார் முன்பின் தெரியாதவருக்கு ஆட்டோகிராப் போடுவதில்லை என்பது. அவர்கள் சொந்தக் கையால் கையெழுத்துப் போட்டு அனுப்பும் கிறிஸ்துமஸ் அட்டைகள் நண்பர்களுக்கும் உடன் வேலை பார்ப்பவர்களுக்கும் போகும். சந்தைக்கு வரும் அசல் அட்டைகள் அப்படிப் போனவைதான். 'எலிசபெத் ஆர்' என்று இருக்கும். அந்த ஆர், ரெஜினா என்பதன் சுருக்கம். லத்தீனில் ராணி. இப்போது சார்லஸும் பெயருக்குப் பின்னால் ஆர் போடுகிறார், ஆனால் அது ரெக்ஸ், அரசன்.

சரி, கடைக்கு வருவோம். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் எங்கள் வீட்டுக் கீழ்த்தளத்தில் முழங்கால் அளவு தண்ணீர். கட்டிலுக்கடியில் இருந்த சூட்கேஸில்தான் என் மொத்தச் சேகரிப்பும். தண்ணீர் வடிந்தபின் தாள்களை மின்விசிறிக்கடியில் பிரித்துப்போட்டுக் காயவைத்தேன். அதன்பிறகு செய்ததுதான் முட்டாள்தனம். ஒரு ஜெராக்ஸ் கடையில் கொடுத்து, ஒரு அட்டையை லேமினேஷன் செய்யச் சொன்னேன். ஸ்வீடன் மன்னர் கார்ல் குஸ்டாஃபும் சில்வியாவும் 2001ல் திருமணத்தின் 25வது வருடம் கொண்டாடியபோது நான் அனுப்பிய வாழ்த்துக்கு வந்த அட்டை அது. ஈரம் முழுக்கக் காயாத அட்டை, சூடான ரோலருக்குள் போய், அப்பளம் மாதிரி கொப்பளித்து வந்தது. கடைக்காரர் கூசாமல் 40 ரூபாய் வாங்கிக்கொண்டார். அவரைச் சொல்லி என்ன, கொடுத்தது நான். லேமினேஷன் என்பது ஒருவழிப் பாதை. போனது திரும்பாது. ரேஷன் கார்டுக்குச் செய்யுங்கள், கடிதத்துக்கு வேண்டாம்.

அதற்கப்புறம்தான் மூன்று காகிதங்களை எடுத்துக்கொண்டு பாயிடம் போனேன். ஒன்று, அந்த 1997 கடிதம். இரண்டாவது, சார்லஸ் இளவரசராக இருந்தபோது அனுப்பியதாகச் சொல்லி, ஆன்லைனில் ஒரு வெளிநாட்டு வியாபாரியிடம் 2019ல் 11,000 ரூபாய்க்கு நான் வாங்கிய கிறிஸ்துமஸ் அட்டை. உள்ளே குடும்பப் படம், பக்கத்தில் கறுப்பில் கையெழுத்து. சுங்க வரி தனி. பாரிமுனையில் ஒரு கிளியரிங் ஏஜென்ஸியில் ஊருக்கெல்லாம் பில் ஆஃப் என்ட்ரி என்ற இறக்குமதிச் சுங்கப் படிவம் போட்டுத் தருகிறவள், என் அட்டைக்கு நானே வரி கட்டினேன். மூன்றாவதை நான் பெரிதாக நினைக்கவே இல்லை. பாட்டி வீட்டுப் பரண்மேல் இருந்ததால் வெள்ளத்துக்குத் தப்பிய கல்யாண ஆல்பத்தில் செல்லோ டேப்பால் ஒட்டியிருந்த ஒரு வாழ்த்துக் கடிதம். தாத்தா துறைமுகத்தில் கிளார்க். 1965ல் பெரிய அத்தை கல்யாணத்துக்கு மெட்ராஸ் ஆளுநருக்கும் பத்திரிகை வைத்திருக்கிறார். ராஜ்பவனிலிருந்து இரண்டு வரி வாழ்த்து வந்திருக்கிறது. டேப் காய்ந்து மஞ்சளாகித் தாளைக் கடித்துக்கொண்டிருந்தது. அதை எடுக்க முடியுமா என்று கேட்கத்தான் கொண்டுபோனேன்.

பாய்க்கு 60 வயதுக்கு மேல் இருக்கும். காகிதங்களை வெளியே எடுத்ததும் கையைக் கழுவி, லுங்கியில் துடைக்காமல், தனியாக ஒரு துணியில் துடைத்துவிட்டு வந்தார். அங்கேயே எனக்குப் பாதி நம்பிக்கை வந்துவிட்டது. அடுத்து ஒரே கேள்விதான் கேட்டார்: "ஒட்டணுமாம்மா, ஒட்டாம நிக்கணுமா?"

நான் போன வேறு எந்தக் கடையிலும் இந்தக் கேள்வி வரவில்லை. எல்லோரும் முதுகுப் பக்கம் முழுக்கப் பசை தடவி அட்டையில் அறைந்துவிடுவார்கள். படம் சுருங்காமல் நிற்கும், உண்மைதான். பிறகு அந்தத் தாள் தாளாக இருக்காது. ஒட்டாமல் என்றேன். தலையாட்டிவிட்டு, மேஜை டிராயரிலிருந்து மடக்கி வைக்கும் ஒரு சின்ன லென்ஸை எடுத்தார். ஃபிரேம் தொழிலுக்கு வருமுன் தங்கசாலையில் ஒரு பிரஸ்ஸில் 18 வருடம் கல்யாணப் பத்திரிகையும் காலண்டரும் அடித்தவராம். எந்தத் தாள் வந்தாலும் லென்ஸ் வைத்துப் பார்ப்பது பழக்க தோஷம் என்றார்.

முதலில் கிறிஸ்துமஸ் அட்டை. கொஞ்ச நேரம் பார்த்தார். லென்ஸை என்னிடம் நீட்டினார்.

"இது எவ்ளோ குடுத்து வாங்கினமா?"

சொன்னேன்.

"கறுப்புக் கையெழுத்துக்கு எதுக்குமா மஞ்சப் புள்ளி?"

பார்த்தேன். கறுப்புக் கோடு என்று நான் நாலு வருடம் கொண்டாடியது, நீலமும் சிவப்பும் மஞ்சளுமாகச் சின்னச் சின்னப் புள்ளிகள். கலர் பிரிண்டரில் அடித்தது. பேனாக் கோடு என்றால் புள்ளி இருக்காது. மை தாளின் நாருக்குள் ஊறி, ஓரம் லேசாகப் பிசிறடித்திருக்கும். கோடு ஒன்றன்மேல் ஒன்று தாண்டும் இடத்தில் கொஞ்சம் அடர்த்தியாகத் தெரியும். அட்டையைத் திருப்பிச் சாய்த்துப் பார்த்தால், அழுத்தி எழுதிய தடம் தெரியும். இதில் ஒன்றுமே இல்லை.

"வெள்ளத்துல நனைஞ்சும் கரையலயே பாய், நல்ல இங்க்குன்னு நெனச்சேன்" என்றேன். அவர் பதில் சொல்லாமல் 1997 கடிதத்தை எடுத்து எதிரில் வைத்தார். தோழியின் கையெழுத்து கடைசி எழுத்தில் கரைந்து, வால் நீலமாகப் படர்ந்திருந்தது. அந்தக் கறையைப் பார்த்துப் பார்த்துத்தான் நான் வெள்ளத்தைத் திட்டிக்கொண்டிருந்தேன். "இது பேனா" என்றார். அவ்வளவுதான். (பால்பாயின்ட் கரையாது, ஆகவே கரைந்தால்தான் அசல் என்று யாரும் வீட்டில் தண்ணீர் தெளித்துப் பார்க்க வேண்டாம்.)

அச்சுக் கையெழுத்தெல்லாம் மோசடி என்று சொல்லவில்லை. பூக்கடைப் பக்கம் இன்றும் சிலையாக நிற்கும் ஐந்தாம் ஜார்ஜ்தான், 100 வயது நிரம்பிய குடிமக்களுக்கு 1917ல் தந்தி வாழ்த்து அனுப்பத் தொடங்கினார். இப்போது அது தந்தி இல்லை, அட்டை. அதில் இருக்கும் கையெழுத்து அச்சு. அத்தனை பேருக்கு யார் உட்கார்ந்து போடுவது? ஐரோப்பிய அரண்மனைகளிலிருந்து எனக்கு வந்த நன்றி அட்டைகளில் பெரும்பாலானவை அப்படித்தான். 2024 ஜனவரி 14ல், பட்டமேறி சரியாக 52 வருடம் ஆன அன்று, டென்மார்க்கின் மார்கரெத்தே அரியணையை மகனுக்கு விட்டுக்கொடுத்தார். அதற்கு நான் எழுதிய கடிதத்துக்கு வந்ததும் அச்சிட்ட நன்றிதான். அதில் எனக்கு வருத்தமில்லை, யாரும் அதைப் பேனா என்று சொல்லி விற்கவில்லையே. அச்சை மை என்று விற்பதுதான் திருட்டு. இன்னொன்றும் உண்டு, ஆட்டோபென். இயந்திரம் நிஜப் பேனாவைப் பிடித்து எழுதும். லென்ஸில் மையாகத்தான் தெரியும். அதற்கு ஒரு வழி, அதே ஆளின் இரண்டு கையெழுத்தை ஒன்றன்மேல் ஒன்று வைத்து ஜன்னல் வெளிச்சத்தில் பார்ப்பது. மயிரிழை பிசகாமல் பொருந்தினால் மனிதக் கை இல்லை. நானே என் பேங்க் செக்கில் ஒரு முறை போட்ட மாதிரி மறுமுறை போடுவதில்லை.

அப்புறம்தான் ஆளுநர் கடிதம். பாய் லென்ஸை வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார். "இதுவும் பேனாதான். யாரு இவரு?"

ஆளுநர் என்றேன். வீட்டில் எல்லோரும் அப்படித்தான் சொல்லி வந்தோம். பெயரை உரக்கப் படித்தபோதுதான் எனக்கே உறைத்தது. ஜெயசாமராஜ உடையார். மைசூரின் கடைசி மகாராஜா. 1940ல் பட்டமேறியவர், சமஸ்தானமெல்லாம் போனபிறகு 1964ல் மெட்ராஸ் ஆளுநராக வந்தவர். கச்சேரி கேட்கிறவர்களுக்கு வேறு விதத்தில் தெரியும். 'ஸ்ரீவித்யா' என்ற முத்திரையோடு இருக்கும் கீர்த்தனைகள் அவருடையவை. நான் லண்டனுக்கும் ஸ்டாக்ஹோமுக்கும் ஸ்டாம்ப் ஒட்டிக்கொண்டிருந்த காலமெல்லாம், ஒரு ராஜாவின் கையெழுத்து பெரிய அத்தையின் ஆல்பத்தில், மாப்பிள்ளை அழைப்புப் போட்டோவுக்கும் மொய் நோட்டுக்கும் நடுவில் கிடந்திருக்கிறது. மை என்பதோடு பாய் வேலை முடிந்தது. அது அவர் கைதானா என்று, அவருடைய மற்ற கையெழுத்துப் படங்களோடு எழுத்து எழுத்தாக ஒத்துப் பார்க்க எனக்கு இரண்டு வாரம் ஆனது. எனக்குத் திருப்தி. விற்கப் போவதில்லை, ஆகவே சான்றிதழ் தேவையில்லை.

(விற்கிற வாங்குகிற ஆசை இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: வரலாற்று மதிப்புள்ள கையெழுத்துப் பிரதி, ஆவணம் எதுவும் 75 வருடத்தைத் தாண்டிவிட்டால், 1972ம் வருடத்துச் சட்டப்படி அது தொல்பொருள் கணக்கில் வரும். இஷ்டத்துக்கு வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. எங்கள் ஆபீஸில் இதற்காகப் பார்சல் நின்றதைப் பார்த்திருக்கிறேன்.)

வேலைத் தரத்தைச் சொல்ல வேண்டும். டேப்பை அவர் பிடித்து இழுக்கவில்லை. பழைய பிளாஸ்டிக் படலம் ஏற்கனவே பசையை விட்டுத் தளர்ந்திருந்தது. மெல்லிய தகட்டை அடியில் விட்டு, ஒரு மணி நேரம் எடுத்து, படலத்தை மட்டும் கழற்றினார். மஞ்சள் கறையைப் போக்கு என்றேன். "அது என் வேலை இல்ல. கெமிக்கல் போட்டா கையெழுத்தும் போயிரும். மியூசியத்துல கேளு" என்றுவிட்டார். முடியாததை முடியாது என்று சொல்கிற கடைக்காரரைப் பார்த்து எத்தனை நாளாகிறது.

சண்டை வந்தது பசையில். கடிதத்தை மேல் ஓரத்தில் மட்டும், மெல்லிய டிஷ்யூ துண்டு இரண்டால் தொங்கவிடுவது என்று முடிவு. டிஷ்யூவுக்கு மைதாப் பசை. பாய் காய்ச்சும் பசையில் மயில்துத்தம் சேர்ப்பார். பைண்டிங் செய்கிறவர்கள் பூச்சி வராமல் இருக்கக் காலகாலமாகச் சேர்ப்பதுதான். ஆனால் மயில்துத்தம் என்பது செம்பு உப்பு, செம்பு நாளடைவில் தாளை அரிக்கும். வேண்டாம் என்றேன். "மயில்துத்தம் இல்லாத பசைக்கு ரெண்டு நாள்தான் ஆயுசு. அப்புறம் ராமபாணப் பூச்சி வந்தா என்னைக் கேக்காத" என்றார். கடைசியில் எனக்கென்று தனியாக ஒரு கரண்டி அளவு, துத்தம் இல்லாமல் காய்ச்சினார். முனகிக்கொண்டேதான்.

பின்பக்க போர்டையும் நான்தான் கொண்டுபோக வேண்டியிருந்தது. அவர் வைக்கும் ஹார்டுபோர்டு சாமி படத்துக்குச் சரி, ஆனால் அமிலம் விடும். பத்து வருடத்தில் வெள்ளைத் தாள் டீ கலர் ஆகிவிடும். அமிலமில்லாத மவுண்ட் போர்டு ஆன்லைனில் வாங்கிக் கொடுத்தேன். கண்ணாடிக்கும் தாளுக்கும் நடுவில் இடைவெளி விட மவுண்ட், அதாவது ஜன்னல் மாதிரி நடுவில் வெட்டிய அட்டை, வைப்பது அவருக்கே தெரிந்திருந்தது. கடற்கரை ஊரில் அது இல்லாவிட்டால் தாள் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும். தாளுக்கு 50 சதவீதம் ஈரப்பதம் போதும் என்பார்கள். திருவொற்றியூர்க் காற்றில் அதற்கு எங்கே போவது? புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கண்ணாடி அவரிடம் இல்லை. வெயில் படாத சுவரில் மாட்டிக்கொள் என்றார். வேறு வழியில்லை. பீடிங், அதாவது ஃபிரேமின் ஓரச் சட்டம், தேக்கில் கேட்டு வாங்குங்கள். ஃபைபர் பீடிங் மலிவுதான், ஆனால் மூலை இணைப்பு ஒரு மழைக்காலத்தில் வாய் பிளந்துவிடுகிறது.

குறைகள் இல்லாமல் இல்லை. பத்து நாளில் தருகிறேன் என்றவர் 26 நாள் எடுத்தார். போன் எடுக்க மாட்டார். ரசீது கேட்டால் பழைய கல்யாணப் பத்திரிகைச் சாம்பிளின் பின்பக்கத்தில் எழுதித் தருகிறார். என் ராஜாவின் ரசீது யாரோ ஒரு மணமக்களின் நல்வரவின் பின்னால் இருக்கிறது. உட்கார ஸ்டூல் கிடையாது. 1997 கடிதத்துக்கு மவுண்ட் வெட்டும்போது, நீலமாகக் கரைந்த வால் தெரியாதபடி ஜன்னலைக் குறுக்கி வெட்டிவிட்டார். அழுக்கு என்று நினைத்து எனக்கு உதவி செய்திருக்கிறார். அதுதான் வேண்டும் என்றேன். என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு, காசு வாங்காமல் மறுபடி வெட்டினார்.

கணக்கு: கடித அளவு ஃபிரேம், தேக்கு பீடிங், சாதாரணக் கண்ணாடி, மவுண்ட் வெட்டுக்கூலி எல்லாம் சேர்த்து ஒன்று 1,450 ரூபாய். டேப் எடுத்ததற்கு 300. போர்டு என் செலவு. ஜீபே உண்டு. மெட்ரோவில் வண்ணாரப்பேட்டையில் இறங்கி ஷேர் ஆட்டோவில் போனால் சுலபம். வண்டியில் போனால் நிறுத்த இடமில்லை. வெள்ளி மதியம் தொழுகை நேரத்தில் கடை மூடியிருக்கும். தீபாவளிக்கு முந்தைய ஒரு மாதம் அந்தப் பக்கமே போகாதீர்கள், எம்.சி. ரோட்டில் ஃபிரேமைக் கண்ணாடியோடு வீடு கொண்டுவந்து சேர்க்க முடியாது. ஃபிரேம் வேண்டாம், ஆல்பம் போதும் என்பவர்கள் பி.வி.சி. உறை போட்ட ஆல்பத்தை மட்டும் வாங்க வேண்டாம். புது ரெயின்கோட் வாசனை அடித்தால் அதுதான் பி.வி.சி. மை அதில் ஒட்டிக்கொண்டு வந்துவிடும். பாலியெஸ்டர் உறை என்று கேட்டு வாங்குங்கள்.

அந்த 11,000 ரூபாய் அட்டையை என்ன செய்வது என்று தெரியாமல் கடையிலேயே விட்டுவிட்டு வந்தேன். போன மாதம் போனபோது பார்த்தால், மாதாவுக்கும் முருகனுக்கும் நடுவில், தங்கக் கலர் ஃபைபர் பீடிங்கில், ஹார்டுபோர்டில் அழுத்தமாக ஒட்டி மாட்டியிருக்கிறார். சாம்பிளாம். போகிற வருகிறவர்கள் எல்லோரும் டயானாவை அடையாளம் கண்டு நின்றுவிடுகிறார்களாம். பக்கத்தில் இருப்பவர் யார் என்று கேட்டால், "லண்டன் ராஜா, நம்ம காலடிப்பேட்டை அம்மாவுக்குத் தெரிஞ்சவரு" என்று சொல்கிறார் பாய்.